தோளில் நாலு விரல்

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். "யாரோ ஒரு சிப்பாயோட பழைய போட்டோ, அதுக்காம்மா இத்தன நாளா அலையுற? ஸ்கேன் பண்ணி அனுப்பு, ஒரு நிமிஷத்துல கலர் போட்டு மூஞ்சியத் தெளிவாக்கித் தர்றேன்" என்று சிரித்தாய். நான் பதில் சொல்லவில்லை. ஆட்டோ இரைச்சலில் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாய். கேட்டது. அந்த வீட்டில் அப்போதுதான் பார்த்துவிட்டு வந்ததை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். காலமெல்லாம் செய்தி எழுதிப் பிழைத்தவள், முதல் வாக்கியம் கிடைக்காமல் வேங்கிக்கால் வீடு வந்து சேரும்வரை வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். வெளிநாடு போகும் விமானத்தில் படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே. கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறேன். அதை நீ ஊரில் இருக்கும்போதுதான் செய்ய முடியும்.

தேரடி வீதியில் பாஸ்கரின் பிரேம் கடை உனக்குத் தெரியும். உன் பட்டச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டது அங்கேதான். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் அவர் தாத்தாவின் போட்டோ ஸ்டூடியோ. இப்போது அதை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப்போகிறார்கள். பரணைக் காலி செய்யும்போது பாஸ்கர் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, ஒரு பொட்டி கீது. தூக்கிப் போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தபா பாத்துடுங்க. அப்புறம் ஏன்டா சொல்லலன்னு திட்டாதீங்க." தேவதாரு மரப்பெட்டி. உள்ளே, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய கண்ணாடித் தட்டுகள். பிலிம் வருவதற்கு முன் போட்டோ எடுத்தது கண்ணாடியில்தான். தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எல்லாம் தலைகீழ் நிறத்தில் தெரியும், கருத்தவர் வெளுத்தும் வெள்ளை வேட்டி கருத்தும். முதலில் எடுத்த தட்டில் ஒருவர் நெற்றியில் மூன்று கருப்புக் கோடுகள் இருந்தன. திருநீறு என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் உடுப்பைப் பார்த்தேன். தோளில் பட்டை, இடுப்பில் பெல்ட், கையில் ஒரு பக்கம் மடித்த தொப்பி. பட்டாளத்துக்காரர்.

பெட்டி முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். இரண்டாம் உலகப் போருக்கு நம் மாவட்டத்திலிருந்து போன பிள்ளைகள். ஏர் ஓட்டியவர்கள், மாடு மேய்த்தவர்கள், பயிற்சி முடிந்து விடுப்பில் ஊர் வந்து, கப்பல் ஏறுமுன் வீட்டில் இருக்கட்டும் என்று ஒரு படம் எடுத்துக்கொண்டவர்கள். கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாக மேலே தூக்கிப் பார்த்தேன். எதிரே கோபுரம். ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால், கண்ணாடி வழியே, கோபுரத்தின் ஒரு துண்டு தெரிந்தது. எத்தனையோ தலைவர்களை, எத்தனையோ ஊர்வலங்களை நேரில் பார்த்து எழுதியிருக்கிறேன். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்த மாதிரி எதையும் பார்த்ததில்லை.

சில தட்டுகள் கழிந்ததும் ஒன்று கவனித்தேன். எல்லார் சட்டைப் பையிலும் ஒரே பேனா. மூடியில் ஒரே இடத்தில் ஒரே நசுங்கல். பாஸ்கரிடம் காட்டினேன். "அது தாத்தாவோட பேனாக்கா. எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்னு ஊர்ல நெனைக்கட்டுமேன்னு எல்லார் பாக்கெட்லயும் சொருகி வுடுவாராம். படம் எடுத்ததும் முதல்ல பேனாவப் புடுங்கிக்கினுதான் கைகுடுப்பாராம்" என்று சிரித்தார். அதே ஆள், சிரிப்பு அடங்கியதும், வேறொன்றும் சொன்னார். இந்த மாதிரிப் பெட்டிகள் முன்பு நிறைய இருந்தனவாம். வெந்நீரில் சலவை சோடாவைப் போட்டு ஊறவைத்தால் படம் தோல்போல உரிந்து வந்துவிடும். கழுவித் துடைத்த கண்ணாடியை சாமி படங்களுக்குச் சட்டம் போட அவருடைய அப்பா பயன்படுத்திவிட்டார். "நல்ல கனமான கண்ணாடிக்கா, இப்பல்லாம் கெடைக்காது" என்றார். இந்த ஊரில் எத்தனை வீட்டு அண்ணாமலையார் படத்துக்கு முன்னால் ஒரு சிப்பாயின் முகம் கரைந்துபோன கண்ணாடி நிற்கிறதோ. விளக்கேற்றிக் கும்பிடும்போது யாருக்குத் தெரியும்?

மிச்சம் இருந்த தட்டுகளை பிரிண்ட் போட்டு, முகங்களுக்கு வீடு தேடத் தொடங்கினேன். நீ கேலி செய்த அலைச்சல் அதுதான். ஒரு தட்டில் உடுப்பெல்லாம் மிடுக்காக இருக்க, கால் மட்டும் வெறும் கால். அவருடைய பேத்தி நம் கலெக்டர் ஆபீசில் வேலை செய்கிறாள். அவர் இத்தாலிப் பனியில் ஒரு குளிர்காலம் கழித்துத் திரும்பியவராம். அதற்குப் பிறகு சாகும்வரை வீட்டில் ஒரு கிழிந்த போர்வையைக்கூட யாரையும் தூக்கிப்போட விடவில்லையாம். சித்திரை வெயிலிலும் அவர் கட்டிலடியில் போர்வை மூட்டை இருக்குமாம். இன்னொருவர் திரும்பி வந்து பள்ளிக்கூட டிரில் மாஸ்டரானவர். தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துக் கைகூப்பும் நேரத்தில் அவர் மட்டும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அவர் மகனுக்கே இப்போது வயதாகிவிட்டது. "எங்கப்பா நாஸ்திகர்னு ஊரே பேசிச்சிம்மா. அவரும் ஆமான்னு சொல்லிட்டாரு. வெடிச் சத்தம் தாங்கலன்னு சொல்றதுக்கு அது எவ்வளவோ மேலுன்னு நெனச்சாரு போல" என்றார். அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னார். தைரியசாலி என்றும் பயந்தவர் என்றும் மனிதர்களை இரண்டு கூடையில் பிரித்துப் போடாதே என்று உனக்கு எத்தனையோ முறை சொல்ல நினைத்திருக்கிறேன். சரியான உதாரணம் இப்போதுதான் கிடைத்தது.

இனி நான் சொல்லவந்த தட்டு. போர் வளர வளரக் கண்ணாடித் தட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் பாஸ்கரின் தாத்தா ஒரே தட்டில் இரண்டு பேரை நிற்க வைத்தார். நடுவில் ஒரு முழம் இடைவெளி விடச் சொல்லி எடுத்து, பிரிண்ட் போட்டபின் அந்த இடைவெளியில் கத்தரியால் வெட்டி, ஆளுக்குப் பாதியாகத் தபாலில் அனுப்பிவிடுவார். "மூணு பேர நிக்க வெச்சிருந்தா இன்னும் மிச்சம் ஆகியிருக்குமே?" என்று கேட்டேன். பாஸ்கர் பதறிவிட்டார். "இன்னாக்கா நீங்க! மூணு பேர் சேந்து படம் எடுத்தா ஒருத்தர் இருக்க மாட்டாங்கன்னு சொல்வாங்க. சண்டைக்குப் போறவங்கள வெச்சி எடுப்பாரா?" யாருடைய பாதி எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதற்காக, தட்டின் அடியில் ஒவ்வொருவர் காலுக்குக் கீழேயும் ஊர்ப்பெயரை மையால் எழுதியிருந்தார். அந்த எழுத்து படத்தில் இருந்தால் அழகில்லை என்பதால், பிரிண்டில் அந்த அடிப்பகுதியை முதலிலேயே நறுக்கிவிடுவாராம்.

எல்லா ஜோடிகளும் சொன்னபடி தள்ளித் தள்ளித்தான் நிற்கிறார்கள். ஒரே ஒரு தட்டில் மட்டும் ஒருவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கடைசி நொடியில் கையை நீட்டிப் பக்கத்திலிருப்பவர் தோளில் வைத்துவிட்டார். வெட்டுவதற்கு விட்ட இடைவெளியின் குறுக்கே அந்தக் கை பாலம்போலக் கிடக்கிறது. தட்டைத் தூக்கிப் பார்த்ததும், இதில் ஒரு பாதியை நான் ஏற்கெனவே எங்கோ பார்த்திருக்கிறேன் என்று பட்டது. தோளில் நாலு விரல், மணிக்கட்டோடு வெட்டு. கொஞ்ச நேரத்தில் வீடும் ஞாபகம் வந்தது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, அஞ்சலை ஆயாவின் வீடு.

உனக்கும் ஞாபகம் இருக்கும். நீ காலேஜ் படிக்கும்போது, சிப்பாய்களின் விதவைகளுக்கு வரும் பென்ஷன் பற்றி எழுத, உன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனேன். அஞ்சலைக்கு அப்போதே எண்பது தாண்டிவிட்டது. கல்யாணமாகி ஒரு வருடம் முடிவதற்குள் கணவர் ஏழுமலை பட்டாளத்துக்குப் போய்விட்டார். விடுப்பில் வந்து போனபோது அஞ்சலை வயிற்றில் பிள்ளை. பர்மா காட்டில் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. அவர் முகம் பார்க்காமல் பிறந்த மகள்தான் பச்சையம்மா. இன்று எண்பது தாண்டிய பச்சையம்மா. தன் அப்பா என்று அவளுக்கு இருந்ததெல்லாம் சுவரில் மாலை போட்டுத் தொங்கிய அந்த ஒரு படம்தான்.

தட்டின் அடியில் இருந்த ஊர்ப்பெயரைக் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்துப் படித்தோம். அஞ்சலை வீட்டுச் சுவரில் தொங்கும் மனிதரின் காலுக்குக் கீழே 'செங்கம்' என்று இருந்தது. அவர் தோளில் கை போட்டவரின் காலுக்குக் கீழே 'அடி அண்ணாமலை.' நான் பாஸ்கரைப் பார்த்தேன். பாஸ்கர் என்னைப் பார்த்தார். ஒரே உடுப்பு, ஒரே தொப்பி, ஒரே பேனா. அடியை நறுக்கி, நடுவில் வெட்டியபின் மேசைமேல் இருந்திருப்பது இரண்டு துண்டுகள், எது எந்த ஊர் என்று சொல்ல எழுத்தில்லாமல். உறைக்குள் போடும்போது மாறிவிட்டிருக்கிறது. இந்தக் கடையில், இப்படி வெட்டும் ஆளிடம் மட்டுமே நடக்கக்கூடிய தவறு. "அக்கா, வேணாம்" என்றார் பாஸ்கர், நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "எண்பது வயசுக்கு மேல போயி, உங்கப்பா இவரு இல்லன்னு சொல்லுவீங்களா? அந்தம்மா எத்தினி வருசமா கும்புட்டுக்கினு கீறாங்க. போட்டோவ மாத்தலாம், அப்பன மாத்த முடியுமா?"

தட்டைத் தூக்கி ஊர்ப்பெயர்களை மறுபடி படித்தேன். ஒருவேளை எழுதியவர் ஊர்ப்பெயரை மாற்றி எழுதியிருக்கலாம். அப்படியானால் சுவரில் இருப்பதுதான் ஏழுமலை. நான் போய்க் குழப்பினால் கிழவியிடமிருந்து ஒரு அப்பாவைக் காரணமில்லாமல் பிடுங்கியவளாவேன். தட்டில் இருப்பது சரியானால், தன் அப்பாவின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல் அவள் போய்விடுவாள், அந்த முகம் என் கைப்பையில் இருக்க. தனித்தனியாக இரண்டு பேர் சொல்லாத எதையும் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. இங்கே ஒரு சாட்சி கண்ணாடி. இன்னொரு சாட்சி வேண்டும். ஏழுமலையைக் கண்ணால் பார்த்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்தேன், இல்லை. அதற்குத்தான் அத்தனை நாள். கடைசியில், எதையும் சொல்லாமல் சுவரில் இருக்கும் படத்தை இன்னொருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்று முடிவு செய்து, முழுப் படத்தை உறையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

அஞ்சலை போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வீடு இப்போது மாடி வீடு. முன்பக்கம் பச்சையம்மாவின் மகன் முருகன் இளநீரும் சர்பத்தும் விற்கிறான். பௌர்ணமிக்கு உட்கார நேரம் இருக்காது, மற்ற நாளில் ஈ ஓட்டுவான். பச்சையம்மா உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னா ரிப்போட்டரம்மா, வழி தப்பி வந்துட்டியா? பென்சன் எங்கம்மாவோட போச்சி. எனக்கு முதியோர் பணந்தான் வருது, அத எழுதாத, நிறுத்திடப் போறான்" என்றாள். உன்னை விசாரித்தாள். "அந்த பைக்குக்காரப் பையனுக்குக் கண்ணாலம் ஆச்சா?" நீ வெளிநாடு போகிறாய், கவிதா முழுகாமல் இருக்கிறாள், பிரசவம் முடிந்துதான் வருவாள் என்றேன். அவள் டிவியை அணைத்தாள். "எங்கப்பன் மாரியா?" என்றாள். சும்மாதான் கேட்டாள். எனக்குத்தான் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

சாயந்திரம் விளக்கு வைக்கும் நேரம். பச்சையம்மா எழுந்து, படத்தடியில் இருந்த கிண்ணத்திலிருந்து குங்குமம் தொட்டு வைத்தாள். பொதுவாக எங்கே வைப்போம்? நெற்றியில். அவள் நெற்றியில் வைக்கவில்லை. படத்தின் ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, தோளில் கிடந்த அந்த நாலு விரல்கள்மேல் வைத்தாள். கண்ணாடியில் அந்த இடம் மட்டும் வருடக்கணக்கான குங்குமத்தால் மங்கிச் சிவந்திருந்தது. நெற்றி துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"ஏன் பச்சையம்மா, அங்க வைக்கிற?"

"எங்கம்மா அங்கதான் வைப்பா. கண்ணாலம் ஆன புதுசுல நான் ஒருவாட்டி நெத்தியில வெச்சிட்டேன். கைய தட்டி வுட்டா பாரு! தேள் கொட்டுன மாரி இருந்திச்சி. அங்க வெய்யி, அங்கதான் வெய்யணும்னா. ஏன்னா பதில் கெடயாது. கல்லுளிமங்கி."

"இந்தப் படம் எப்பலருந்து மாட்டியிருக்கு?"

"எங் கண்ணாலத்துக்குத்தான். அது வரிக்கும் பொட்டியில கெடந்திச்சி. அப்பன் கால்ல வுழணுமே பொண்ணு, அதுக்குன்னு எடுத்து சட்டம் போட்டா. எங்க பெரியப்பா வந்தாரு, படத்தப் பாத்தாரு, ஒண்ணும் பேசாம வெளிய போயி நின்னுக்கினாரு. தம்பி நெனப்பு வந்திடுச்சின்னு சொன்னாங்க."

நான் மெதுவாக, வேறு எதையோ கேட்பதுபோல, ஏழுமலை எப்படி இருப்பார் என்று அம்மா சொல்லியிருக்கிறாளா என்று கேட்டேன். பச்சையம்மா யோசிக்கவே இல்லை. "நின்ன எடத்துல நிக்க மாட்டாராம். யாராயிருந்தாலும் தோள்மேல கையப் போட்டுக்குவாராம். அப்புறம் கவல ஓட்டச்சொல்ல வடத்துல மாட்டிக்கினு சுண்டு வெரலு கொக்கி மாரி வளைஞ்சிடுச்சாம். அதுதான் அடிக்கடி சொல்வா." மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த காலம் அது, வடம் என்றால் அந்தக் கயிறு. "ஆனா பாரு, படத்துல வெரலு நல்லாத்தான் கீது. மாட்டுன புதுசுல நான் கேட்டேன், எம்மா, வளைஞ்ச வெரலு எங்கம்மான்னு. நல்லாப் பாரு, நல்லாப் பாருன்னு மட்டும் சொல்வா."

நான் எழுந்து படத்தின் அருகே போனேன். படத்தில் இருப்பவரின் இரண்டு கைகளும் தெரிகின்றன. தொப்பியைப் பிடித்த விரல்கள் நேராக இருந்தன. பிறகு ஓரத்தைப் பார்த்தேன். குங்குமம் அப்பியிருந்ததால் முதலில் தெரியவில்லை. முந்தானையால் துடைக்கட்டுமா என்று பச்சையம்மாவிடம் கேட்டுவிட்டுத் துடைத்தேன். தோளில் கிடந்த நாலு விரல்களில் கடைசி விரல், சுண்டு விரல், கொக்கிபோல வளைந்திருந்தது.

அப்போதுதான் உன் குரல் ஞாபகம் வந்தது. பென்ஷன் செய்திக்காக வந்த அன்று, பேட்டி முடிந்து கிளம்பும்போது, இதே இடத்தில் நின்று நீ கேட்டாய்: "ஆயா, இந்த வெரல் யாரோடது? போட்டோ புடிச்சவரோடதா?" அஞ்சலை பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். "அதாண்டா கண்ணு எங்கூட்டுக்காரரு!" என்றாள். நாம் எல்லோரும் சிரித்தோம். பச்சையம்மாவும் சிரித்தாள். திரும்பி வரும்போது நீ பைக்கில், "ஆயா செம ஜோக்கும்மா" என்றாய். அவள் வாழ்நாளில் அந்த உண்மையைச் சத்தமாகச் சொன்னது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு தடவைதான். உன்னிடம்தான் சொன்னாள். ஏனென்றால் அத்தனை வருடத்தில் நீ ஒருவன்தான் முகத்தைப் பற்றிக் கேட்காமல் விரலைப் பற்றிக் கேட்டவன்.

இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது. உறையைப் பிரித்து முழுப் படத்தையும் பச்சையம்மாவின் மடியில் வைத்தேன். தட்டில் என்ன எழுதியிருந்தது, எப்படி வெட்டினார்கள், எப்படி மாறியிருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். முருகன் கடையை விட்டுவிட்டு வந்து கதவருகே நின்றான். ஏழுமலை அந்தப் படத்தில் சிரிக்கிறார். பெட்டியிலிருந்த அத்தனை தட்டுகளிலும் சிரிப்பவர் அவர் ஒருவர்தான். முருகனுக்கு இருப்பதுபோலவே விரிந்த காதுகள்.

பச்சையம்மா முதலில் சொன்னது அம்மாவைப் பற்றி. "கேடிக் கெழவி! தெரிஞ்சிக்கினே மாட்டி வெச்சிருக்கா. சாவற வரிக்கும் சொல்லலயே பாவி!" பிறகு குனிந்து, படத்தின் கன்னத்தை ஒரு விரலால் தடவினாள். "இன்னாடா முருகா இது, கொயந்தப் பையனா கீறாரே. மீசகூட சரியா மொளைக்கல. உம் பையன விட சின்னவருடா" என்றாள். எண்பது தாண்டிய ஒருத்தி தன் அப்பாவைக் குழந்தை என்று சொல்வதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவள் அழுதாளா என்று நீ கேட்பாய். இல்லை. தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முருகன்தான் அவசரப்பட்டான். "யம்மா, அப்ப அந்தாள் யாரோ எவரோ. நாளைக்கே கழட்டிட்டு தாத்தாவ மட்டும் பெருசாப் போட்டு மாட்டிடலாம்" என்றான். பச்சையம்மா நிமிர்ந்தாள். "அட பேமானி! இத்தினி வருசமா இவுரு கால்ல வுழுந்துதான் நான் புள்ள பெத்தேன். நீ பொறந்ததும் இவுரு எதிர்லதான் உன்னப் போட்டேன். எலை போட்டுச் சோறு வெச்சிக் கூப்புட்டேன், வந்து சாப்புட்டாரு. இப்போ நீ எங்கூட்டு ஆளு இல்ல, எழுந்து போன்னு சொல்லச் சொல்றியா?" பிறகு என்னிடம் திரும்பினாள். "அவுரு பேரு இன்னா, ரிப்போட்டரம்மா?" தட்டில் பெயர் இல்லை, ஊர் மட்டும்தான் என்றேன். "அப்ப செங்கத்தாரு" என்றாள். அந்த வீட்டில் அவருக்கு அன்றுதான் ஒரு பெயர் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டதைத்தான் ஆட்டோவில் வரும்போது உனக்குச் சொல்ல முடியாமல் தவித்தேன். படத்தைப் பார்த்தபடியே கேட்டாள். "எங்கப்பனோட பாதி செங்கத்துக்குத்தான போயிருக்கும்? அங்க யாராவது, எம் புருசன், எம் புள்ளன்னு நெனச்சிக்கினு, எங்கப்பனுக்குச் சோறு வெச்சிருப்பாங்க இல்ல?" வைத்திருப்பார்கள் என்றேன். அது எனக்குத் தெரியாத செய்தி. ஒரு சாட்சியும் இல்லை. ஆனாலும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "அப்ப ரெண்டு பேருமே பசியா இல்ல" என்றாள்.

அஞ்சலையை நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உறை வந்த அன்று, யாரோ ஒருவரின் முகத்தைப் பார்த்து, இது அவரில்லை என்று தெரிந்து, பிறகு ஓரத்தில் அந்த வளைந்த விரலைக் கண்டுபிடித்திருக்கிறாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருமுறை டவுனுக்குப் போட்டோ கடை தேடி நடந்துபோய் வெறுங்கையோடு வந்தாளாம். எதற்குப் போனாள் என்று மகளுக்கு இப்போதுதான் புரிகிறது. அவர் வரவில்லை என்று உறுதியான பிறகு, மகளுக்குக் கும்பிட ஒரு அப்பா தேவைப்பட்டபோது, முகத்தை மகளுக்குக் கொடுத்துவிட்டு விரல்களைத் தனக்கு வைத்துக்கொண்டாள். ஐம்பது வருடம் போல தினமும் சாயந்திரம் கணவர் கையைத் தொட்டாள். எல்லோருக்கும் முன்னால், யாருக்கும் தெரியாமல். நான் எழுதிய எந்தச் செய்தியிலும் இப்படி ஒரு மனுஷி இல்லை.

பாஸ்கர் முழுப் படத்தையும் வெட்டாமல் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. புதுக் கண்ணாடிதான், பெட்டித் தட்டுகளை இனி தொடமாட்டேன் என்றார். நேற்று கொண்டுபோய்க் கொடுத்தேன். முருகன் பழைய ஆணியிலேயே மாட்டினான். பச்சையம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நீள மாலையாகக் கட்டி வைத்திருந்தாள். குங்குமக் கிண்ணத்தை எடுத்தாள். அப்பாவின் நெற்றி இப்போது அவள் எதிரில் இருந்தது, முதன்முதலாக. கையைத் தூக்கினாள். ஒரு கணம் அங்கேயே நிறுத்தினாள். பிறகு கையைக் கொண்டுபோய், எப்போதும் வைக்கும் இடத்திலேயே, தோளில் கிடந்த விரல்கள்மேல் வைத்தாள். படத்தின் ஓரமாக இருந்த அந்த இடம் இப்போது படத்தின் நடுவாக இருந்தது.

உன் கேள்விக்குப் பதில் இதுதான். அந்த முகத்தைத் தெளிவாக்க வேண்டியதில்லை, கலரும் வேண்டாம். செங்கத்தில் இன்னொரு பாதியை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிடைத்தால் எழுதுகிறேன்.

நீ சண்டைக்குப் போகவில்லை, எனக்குத் தெரியும். தினமும் வீடியோவில் வருவாய், கவிதா போனைக் குழந்தையின் எதிரே பிடிப்பாள். என் பயம் அதுவல்ல. உன் கல்யாண ஆல்பத்தையும் அதற்குப் பிறகு வந்த படங்களையும் நேற்று ராத்திரி புரட்டினேன். வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் போனைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பவன் நீதான். கல்யாணத்துக்குப் பிறகு நீ இருக்கும் படம் என்று தேடினால் ஒன்றுகூடச் சரியாக இல்லை. அதனால் கேட்கிறேன். கிளம்புமுன் ஒருநாள் கவிதாவை அழைத்துக்கொண்டு வா. கடையை இடிக்கும் முன் பாஸ்கர் அங்கே கடைசியாக ஒரு படம் எடுக்க ஆசைப்படுகிறார். நானும் உங்களோடு நிற்பதாக இருந்தேன். மூன்று பேர் ஆகிவிடுமே என்றேன். "இன்னாக்கா, வயித்துல கீறது கணக்குல வராதா? நாலு பேரு" என்று சொல்லிவிட்டார். போனை அவரிடம் கொடுத்துவிடு. கவிதா பக்கத்தில் நில். அவள் தோளில் கையை வை. பாஸ்கர் போதும் என்று சொன்ன பிறகும் உடனே எடுத்துவிடாதே.